பவளத்திட்டின் மேய்ச்சல்காரன்: சர்ஜன் மீன்

பள்ளுருத்தியில் குடியிருப்பவர்களுக்கு மீனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே மானாச்சேரி, கண்ணமாலி கடற்கரை, கிழக்கே காயல், வடக்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். மத்தி எப்போது கொழுத்திருக்கும், அயிலை எந்த மாதம் மலியும், இறால் விலை ஏன் ஏறியது என்பதெல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. ஆனால் இதே அரபிக்கடலில், கொச்சியில் கப்பலேறினால் மறுநாள் இறங்கிவிடக்கூடிய தூரத்தில், நம் சந்தைக் கூடைகளில் அநேகமாகக் காணக் கிடைக்காத ஒரு மீன் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. வாலடியில் இரு பக்கமும் கத்தி வைத்திருப்பதால் அதற்குச் சர்ஜன் மீன் என்று பெயர். வண்ண மீன் வளர்ப்பவர்கள் டாங் என்பார்கள். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நெமோ’ படத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும் நீல நிற டோரியும் இந்தக் குடும்பம்தான்.

இந்த மீனைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அதன் அழகைப் பற்றியதாகவே இருக்கிறது. அது செய்யும் வேலை அழகைவிடப் பெரிது. கடல் சூடாகிப் பவளம் செத்துப்போன இடத்தில் மறுபடி பவளம் பிடிக்க வேண்டுமானால், அந்த இடத்தைப் பாசி மூடாமல் யாராவது காக்க வேண்டும். அப்படிக் காப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பது சர்ஜன் மீன். லட்சத்தீவின் வாசலாக இருக்கும் கொச்சியில் வாழ்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாலடியில் மடக்குக் கத்தி

சர்ஜன் மீன்களில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றை ஆறு பேரினங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: அகாந்தூரஸ், டீனோகீட்டஸ், ஸீப்ராசோமா, பாராகாந்தூரஸ், நாசோ, பிரயோனூரஸ். பெரும்பாலானவை இந்துமாக் கடலிலும் பசிபிக்கிலும் வாழ்பவை. அட்லாண்டிக் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே இருக்கின்றன.

உடல் பக்கவாட்டில் தட்டையாக, வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். வாய் சிறியது. முதுகுத் துடுப்பு கழுத்தருகே தொடங்கி வால்வரை ஒரே நீளமாக ஓடும். கண் தலையின் உச்சிக்கு அருகில் இருக்கும். குனிந்து மேயும்போதும் சுற்றி நடப்பதைப் பார்க்க அது வசதி.

குடும்பத்தின் அடையாளம் வாலடி முள். உண்மையில் அது உருமாறிய ஒரு செதில். அகாந்தூரஸ் இன மீன் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால், வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் ஒரு நீண்ட பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் முள் படுத்திருக்கும். பின்முனை உடலோடு கீல் வைத்ததுபோல் இணைந்திருக்கும்; கூர்முனை தலைப்பக்கம் பார்க்கும். மீன் அமைதியாக நீந்தும்போது முள் இருப்பதே தெரியாது. வாலை வெடுக்கென்று வளைத்தால் முள் வெளியே விரியும். பக்கத்தில் வந்த மீனின் உடலில் அது நீளமாகக் கீறிவிட்டுப் போகும். வலையிலிருந்து மீனைக் கழற்றுபவர் வாலைப் பிடித்தால் அவர் கைக்கும் அதே கதிதான்.

எல்லா இனங்களுக்கும் மடக்கும் முள் கிடையாது. நாசோ இன மீன்களில் மடங்காத தகடுகள் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். பிரயோனூரஸில் மூன்றும் அதற்கு மேலும் வரிசையாக நிற்கும்.

இது இன்று நேற்று வந்த குடும்பமல்ல. இத்தாலியில் வெரோனா நகருக்கு அருகே மோன்டே போல்கா என்ற இடத்தில் கிடைக்கும் சுமார் 5 கோடி ஆண்டு பழைய மீன் புதைபடிவங்களில் சர்ஜன் மீன்களும் இருக்கின்றன. இன்றைய பவளத்திட்டுகளில் காணும் பல மீன் குடும்பங்கள் அப்போதே உருவாகிவிட்டதற்கு அந்தக் கற்கள் சாட்சி. மன்னார் வளைகுடாவில் மீனவர்கள் நன்கு அறிந்த ஓரா மீனும் இவர்களுக்கு உறவுதான்.

நம் கரையில் ஏன் காணவில்லை?

கொச்சிக் கரைக்கடல் சேற்றுக்கடல். பெரியாறும் மற்ற ஆறுகளும் வேம்பநாட்டுக் காயல் வழியாக நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. மழைக்காலத்தில் கடல் கலங்கிப் பழுப்பாகிவிடும். அந்தச் சேறும் சத்தும்தான் மத்திக்கும் இறாலுக்கும், சாகரை எனப்படும் சேற்றுத்திட்டு மீன்வளத்துக்கும் ஆதாரம். பவளத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: தெளிந்த நீர், அடிவரை இறங்கும் வெயில், ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தளம், ஏறி இறங்காத உப்பளவு. பவளம் வளராத இடத்தில் பவளத்திட்டு மீனும் தங்குவதில்லை. தெற்கே விழிஞ்ஞம் பக்கம் பாறைக்கடல் இருப்பதால் அங்கே சர்ஜன் மீன்கள் உண்டு.

கொச்சியிலிருந்து மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் லட்சத்தீவுகள் பரந்து கிடக்கின்றன. மொத்தம் 36 தீவுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலம் 32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் பவள வளையங்களுக்குள் அடங்கிய ஆழமற்ற கடல், அதாவது லகூன், சுமார் 4200 சதுர கிலோமீட்டர். அங்கே ஆறு கிடையாது, வண்டல் வராது. பல ஆயிரம் ஆண்டுகளாகப் பவளம் பவளத்தின்மேல் வளர்ந்து எழுந்த தீவுகள் அவை. இக்கடலின் மீன்களைத் தொகுத்து எஸ். ஜோன்ஸும் எம். குமரனும் 1980-இல் வெளியிட்ட நூலில் 603 இனங்கள் இடம்பெற்றிருக்கின்றன.

தமிழகக் கரையில் இந்த மீனுக்கு இடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. கொச்சிக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இன்று கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டு நெடுங்காலம் மண்டபத்தில் இருந்தது. 1971-இல்தான் தலைமையகம் கொச்சிக்கு வந்தது.

பார்த்தால் அடையாளம் காண

லட்சத்தீவில் முகமூடி மாட்டிக்கொண்டு லகூனில் மிதந்து பார்க்கப் போகிறவர்கள் இந்த ஐந்தாறை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வெண்தொண்டை நீலச் சர்ஜன். உடல் வெளிர் நீலம், முகம் கறுப்பு, தொண்டை வெள்ளை, முதுகுத் துடுப்பு பளீர் மஞ்சள். இந்துமாக் கடலுக்கே உரிய இனம். 1833-இல் பென்னட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இலங்கைக் கடலில் கிடைத்த மீனைக் கொண்டு இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆழமற்ற திட்டின் மேல்தளத்தில் சிலசமயம் பெருங்கூட்டமாக மேயும்.

வரிச் சர்ஜன். வெளிறிய உடலில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள். சிறைக் கைதியின் உடையை நினைவூட்டுவதால் ஆங்கிலத்தில் அதற்குக் ‘கைதி’ என்றே பெயர். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட மீன்களில் ஒன்று.

நீலக்கோட்டுச் சர்ஜன். மஞ்சள் உடலில் நீலமும் கறுப்புமான கோடுகள் நீளவாக்கில் ஓடும். அலை அடித்து உடையும் திட்டின் விளிம்புதான் இதன் இடம். இதுவும் 1758-இலேயே பெயர் பெற்றது. வாலடி முள்ளில் நஞ்சு உள்ள இனம்.

சீப்புப்பல் சர்ஜன். அடர் பழுப்பு, சட்டென்று கண்ணில் படாது. பற்கள் சீப்புபோல் நெருக்கமாக, அசையும்படி இருக்கும். பார்க்க எளிமையாக இருந்தாலும் திட்டில் அதிக வேலை செய்பவர்களில் இதுவும் ஒன்று.

கொம்பு மீன். நாசோ இனம். வளர்ந்த மீனுக்கு நெற்றியில் கொம்பு முன்னால் நீளும். 70 சென்டிமீட்டர்வரை வளரும் இனமும் இதில் உண்டு.

பாய்மரச் சர்ஜன். ஸீப்ராசோமா இனம். முதுகுத் துடுப்பை விரித்தால் மீன் இருமடங்கு உயரமாகத் தெரியும். மூக்கு நீண்டிருப்பதால் பவளக் கிளைகளின் இடுக்கில் உள்ள பாசியையும் எட்டிப் பறித்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி

சர்ஜன் மீன் என்றால் பாசி தின்னும் மீன் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் குடும்பத்துக்குள்ளேயே தீனி பலவிதம்.

அகாந்தூரஸ் இனங்களில் பல, பாறைமேல் மெல்லிய கம்பளம்போல் படரும் குட்டைப் பாசியைக் கொறிப்பவை. பகல் முழுதும் ஓயாமல் குனிந்து நிமிர்ந்து, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை கடிக்கும். பாசியைக் கத்தரித்து எடுக்குமே தவிர பாறையைச் சேதப்படுத்தாது. அதே பேரினத்தில் வேறு சில, மணலை வாயில் அள்ளி அதில் ஒட்டிய பாசியையும் கழிவையும் தின்னும். அவற்றின் இரைப்பை கோழிக்கு இருப்பதைப்போலக் கெட்டியான தசையால் ஆனது. மணலோடு சேர்த்து அரைத்துவிடும்.

சீப்புப்பல் சர்ஜன் பாசியைப் பறிப்பதில்லை. பாசிக்கு இடையில் படிந்திருக்கும் கழிவு, நுண்ணுயிர், மெல்லிய வண்டல் ஆகியவற்றைப் பல்லால் வாரி எடுத்துவிடும். நாசோ இனங்களில் சில, தடித்த பழுப்புக் கடற்பாசியைத் தின்பவை. வேறு சில, வளர்ந்தபின் திட்டை விட்டு விலகி நடுநீரில் மிதக்கும் விலங்கு நுண்ணுயிர்களைத் தின்னும்.

பாசி எளிதில் செரிக்காது. இந்த மீன்களின் குடலில் உதவிக்கு நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அறிவியலாளர்களையே திணறடித்தது. 1985-இல் செங்கடலில் பிடித்த பழுப்புச் சர்ஜன் மீனின் குடலில், கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிய ஓர் உயிரணுவைக் கண்டார்கள். நீளம் அரை மில்லிமீட்டருக்கும் மேல். இத்தனை பெரியது பாக்டீரியாவாக இருக்க முடியாது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1993-இல் மரபணுச் சோதனை அது பாக்டீரியாதான் என்று உறுதிசெய்தது. எபுலோபிசியம் என்று பெயர். 1999-இல் நமீபியக் கடலடிச் சேற்றில் அதைவிடப் பெரியது தெரியவரும்வரை, உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பாக்டீரியா அதுதான்.

திட்டில் யாருக்கு என்ன வேலை

ஒரு பவளத்திட்டில் நூற்றுக்கணக்கான மீன் இனங்கள் இடம் பங்கிட்டு வாழ்கின்றன. களவாவும் சங்கராவும் பிற மீன்களை வேட்டையாடுபவை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, பவளத்தின் உயிர்த்தசையையே கொறிப்பவை. பவளம் செத்தால் அவை முதலில் குறையும். கோமாளி மீன் கடல் சாமந்தியை விட்டு நகராது. பாசி மேய்பவர்களில் மூன்று பெரிய கூட்டம்: சர்ஜன், ஓரா, கிளிமீன். இங்கே கிளிமீன் என்பது கொச்சிச் சந்தையில் அந்தப் பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு மீன் அல்ல; கிளியின் அலகுபோல் பல் ஒட்டிய பவளத்திட்டு மீன்.

இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கிளிமீன் பாறையோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கும். அதனால் பாறை சுத்தமாகும். கூடவே கொஞ்சம் தேயவும் தேயும். ஓரா ஓரளவு வளர்ந்த பாசியைத் தின்னும். சர்ஜன் தினந்தோறும் குட்டைப் பாசியைக் கத்தரித்து அதை வளரவிடாமல் வைத்திருக்கும். எண்ணிக்கையில் அதிகம் என்பதாலும், நாள் முழுதும் மேய்வதாலும், அதன் பங்கு பெரிது.

பாசி குட்டையாக இருப்பதால் என்ன லாபம்? பவளத்தின் முட்டைப்புழு கடலில் மிதந்து வந்து ஒட்டும்போது அது குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதற்குச் சுத்தமான கெட்டித் தளம் வேண்டும். பாறையைப் பூச்சுப்போல் போர்த்தும் இளஞ்சிவப்புச் சுண்ணப் பாசி இருந்தால் மிகவும் நல்லது. தளத்தை நீண்ட பாசி மூடியிருந்தால் புழு ஒட்டாது. ஒட்டினாலும் நிழலில் வாடும், பாசி பிடித்து வைக்கும் வண்டலில் மூச்சடைக்கும். மேயும் மீன் இருந்தால் தளம் திறந்திருக்கும். பவளம் மறுபடி பிடிக்க வாய்ப்பிருக்கும்.

மேய்பவர்கள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா சாட்சி. அங்கே நெடுங்காலமாக மேயும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள். மீனுக்குப் பதிலாகப் பாசியைத் தின்றுவந்தது நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலி. 1983-84-இல் ஒரு நோய் வந்து அதுவும் கூட்டமாகச் செத்தது. அதன்பின் பாசி கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. 1970-களின் இறுதியில் திட்டில் பாதியளவுக்கு இருந்த உயிர்ப்பவளம் 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

விளிம்பில் நடக்கும் சண்டை

மேய்ச்சல் நிலம் என்றால் உரிமைச் சண்டையும் உண்டு. நீலக்கோட்டுச் சர்ஜன் திட்டின் விளிம்பில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வளரும் பாசி தனக்கே என்று காவல் காக்கும். பக்கத்து மீன் எல்லை தாண்டினால் விரட்டும். வரிச் சர்ஜன் ஒன்றிரண்டு தனியாக வந்தால் நொடியில் துரத்திவிடும்.

வரிச் சர்ஜனுக்குத் தனியாகச் சண்டை போடும் தெம்பில்லை. அதனால் நூற்றுக்கணக்கில் கூட்டம் சேர்ந்து வரும். கூட்டம் அப்படியே காவல் நிலத்தின்மேல் இறங்கும். காவல்காரன் ஒன்றை விரட்டினால் பக்கத்தில் ஐம்பது மேய்ந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் காலியாகும். ஓரிரு நிமிடத்தில் கூட்டம் எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்விடும். இந்தக் காட்சியைப் பல கடல்களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். காவல் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பாசியை யாராவது தின்றுகொண்டே இருப்பதற்கு இந்த இருவகை வாழ்க்கையும் சேர்ந்து உதவுகிறது.

லட்சத்தீவு சொல்லும் பாடம்

1998-இல் எல் நினோ வந்து இந்துமாக் கடல் சூடேறியபோது லட்சத்தீவுப் பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. பவளத்தின் தசைக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசி, வெப்பம் தாங்காமல் வெளியேறுவதைத்தான் வெளுத்தல் என்கிறோம். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைக்கும், நீடித்தால் செத்துவிடும். செத்த கூட்டின்மேல் சில வாரங்களிலேயே பாசி ஏறும்.

மைசூரில் உள்ள நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ரோஹன் ஆர்தரும் அவருடைய குழுவினரும் அப்போதிருந்து இத்திட்டுகளைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்கள் கண்டது நம்பிக்கை தருவதாக இருந்தது. ஜமைக்காவைப்போல லட்சத்தீவு பாசிக்காடாகவில்லை. மேயும் மீன்கள் ஏராளமாக இருந்ததால் பாசி அடங்கியே இருந்தது. சில ஆண்டுகளில் பல இடங்களில், குறிப்பாகத் தீவுகளின் மேற்குப் பக்கத்தில், புதுப் பவளம் பிடித்தது.

மேயும் மீன் அங்கே மிஞ்சியிருந்ததற்கு ஒரு காரணம், தீவுக்காரர்கள் சூரை மீனை நம்பி வாழ்ந்தது. லகூனில் சிறு மீனை உயிரோடு பிடித்துப் படகில் வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போவார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அந்த மீனை வீசிக் கூட்டத்தை நிறுத்தி, கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போடுவார்கள். மினிக்காயில் தலைமுறை தலைமுறையாக இருந்த இந்த முறை, 1960-களில் இயந்திரப் படகு வந்தபின் மற்ற தீவுகளுக்கும் பரவியது. அந்தச் சூரையை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தியதுதான் தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் போகும் மாசி. கைநிறையச் சூரை கிடைத்ததால் திட்டு மீனைப் பெரிதாகத் தொடவேண்டிய தேவை வரவில்லை. சூரைத் தொழில் பவளத்திட்டுக்குக் கவசமாக இருந்தது.

இப்போது அந்தக் கவசம் மெலிந்துவருகிறது. 2010, 2016 என மீண்டும் மீண்டும் வெப்ப அலைகள் வந்தன. 2023 அக்டோபர் இறுதியிலிருந்து நீடித்த வெப்பத்தால் தீவுகளில் பவளம் பரவலாக வெளுத்திருப்பதை 2024 மே மாதத்தில் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. 1998-இல் தொடங்கிய கணக்கைப் பார்த்தால், ஆய்வுக்கு உட்பட்ட திட்டுகளில் உயிர்ப்பவளப் பரப்பு 24 ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் திட்டுக்குக் கிடைக்கும் ஓய்வு குறைகிறது. கூடவே கடந்த சில ஆண்டுகளில் வெளிச் சந்தைக்காகத் திட்டு மீன் பிடிப்பதும் அதிகரித்திருக்கிறது. வெப்பத்தை நாம் ஒரே நாளில் குறைக்க முடியாது. மேயும் மீனை விட்டுவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில்

தமிழகக் கரைத் திட்டுகளுக்குச் சோதனை இன்னும் அதிகம். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986-இல் இந்தத் தீவுப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2016-இல் வந்த வெளுத்தலுக்குப்பின், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. இதற்கு முன்பே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி 2008-இல் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் ஏறிப் படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. பாசியின் பிடி இறுகும் இத்தகைய இடங்களில் சர்ஜன், ஓரா, கிளிமீன் மூன்றும் ஒருசேர இருப்பது மிக அவசியம்.

கண்ணாடிப் பருவமும் நீண்ட ஆயுளும்

சர்ஜன் மீனைப் பிடித்து எடுத்தால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. அதன் வாழ்க்கை முறையைப் பார்த்தால் காரணம் புரியும்.

பல இனங்கள் நிலவின் நாளையும் நீரோட்டத்தையும் பார்த்து, திட்டின் விளிம்பில் கூட்டமாகச் சேர்ந்து, அந்தி நேரத்தில் சட்டென்று மேல்நோக்கிப் பாய்ந்து முட்டையும் விந்தும் விடும். முட்டைகள் மிகச் சிறியவை. கடலோட்டத்தில் மிதந்து ஒரு நாள்போலப் பொரித்துவிடும். குஞ்சு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தட்டையான உடலோடு திறந்த கடலில் அலையும். ஒன்றரை மாதம், இரண்டு மாதம், சில இனங்களில் அதற்கும் மேல். அத்தனை நாளும் தப்பிப் பிழைத்தது ஓர் இரவில் திட்டுக்குத் திரும்பும். அடுத்த சில நாட்களில் நிறம் ஏறும், செதில் வரும், பாசி தின்பதற்கு ஏற்றபடி குடல் நீளும். ஹவாயில் வரிச் சர்ஜனை வைத்து இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து 1961-இல் எழுதியவர் ஜான் ராண்டல்.

வளர்ச்சி முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் வேகமாக முடிந்துவிடும். ஆயுள் மட்டும் நீண்டுகொண்டே போகும். மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் ஆண்டுக்கு ஒரு வளையம் படியும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அந்த வளையங்களை எண்ணிய ஆய்வாளர்கள், பல இனங்கள் 30 முதல் 45 ஆண்டுகள்வரை வாழ்வதை 1996-இல் வெளியிட்டார்கள். ஒரு சாண் நீள மீன், வயதில் நம் பிள்ளைகளைவிட மூத்ததாக இருக்கலாம். எல்லா ஆண்டும் குஞ்சு கரை சேரும் என்ற உறுதி இல்லாததால், நல்ல ஆண்டு வரும்வரை காத்திருக்க நீண்ட ஆயுள் உதவுகிறது. மூத்த மீன்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் அந்தக் காத்திருப்பே பயனற்றுப் போகும்.

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

கொச்சியிலும் கோவையிலும் சென்னையிலும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகரித்துவிட்டார்கள். வெண்தொண்டை நீலச் சர்ஜன்மேலும் டோரிமேலும் அவர்களுக்கு ஆசை அதிகம். கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறை நம் நாட்டிலேயே நன்றாகத் தேறிவிட்டது. சர்ஜன் மீன் அப்படியல்ல. கடலில் நெடுநாள் அலையும் குஞ்சுப் பருவத்தைத் தொட்டியில் ஓட்டுவது பெரும்பாடு. ஹவாயின் மஞ்சள் டாங் 2015-இலும், டோரி இனம் 2016-இல் ஃபுளோரிடாவிலும்தான் முதன்முதலாக வளர்ப்பில் தேறின. கடைக்கு வரும் சர்ஜன் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடித்தவையே.

பகல் முழுதும் நீந்தி மேயும் மீனுக்குச் சிறு தொட்டி போதாது. வெண்தொண்டை நீலச் சர்ஜனை வெண்புள்ளி நோய் வெகு எளிதில் தாக்கும். ஒரு தொட்டியில் இரண்டை விட்டால் முள்ளால் கிழித்துக்கொள்ளும். கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய மீன், அனுபவமில்லாதவர் கையில் சில மாதங்களில் போய்விடுகிறது. வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசை என்றால், வளர்ப்பில் பிறந்த கோமாளி மீனை வாங்குங்கள்.

கையில் வந்தால்

வலையிலோ தூண்டிலிலோ சர்ஜன் மீன் வந்தால் வாலைப் பிடிக்கக் கூடாது. தலைப்பக்கமாகத் துணி வைத்துப் பிடிக்க வேண்டும். கீறல் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். ஆழமான வெட்டு, வீக்கம், விடாத வலி எதுவானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிடலாமா என்றால், பல நாடுகளில் சாப்பிடுகிறார்கள். பசிபிக் தீவுகளில் சில இடங்களில் எச்சரிக்கை உண்டு. பாசியோடு ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரின் நஞ்சு சீப்புப்பல் சர்ஜன் போன்ற மேயும் மீன் வழியாக அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் மனிதருக்கு வரும். சிகுவாட்டெரா என்பது அந்த நோய். சமைத்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு போகாது.

நாம் செய்யக்கூடியது

கொச்சிச் சந்தையில் எது விலைபோகிறதோ அதைத்தான் தீவுக்காரர் பிடித்தனுப்புவார். கிளிமீன் வகை, சர்ஜன், ஓரா எனத் திட்டில் மேயும் மீன்களுக்கு இங்கே பெரிய சந்தை உருவாகாமல் பார்த்துக்கொள்வது வாங்குபவர்களாகிய நம் பொறுப்பு. லட்சத்தீவு மீன் வேண்டுமானால் கழித்தூண்டிலில் பிடித்த சூரை இருக்கிறது, மாசி இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொழில் நிலைத்தால் திட்டும் நிலைக்கும். தீவுக்குச் சுற்றுலா போனால் பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள், ஒரு துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். கடல்நீர்த் தொட்டிக் கடையில் நீலச் சர்ஜனைக் கண்டால் ரசித்துவிட்டு, வாங்காமல் வந்துவிடுங்கள். இந்த மீனின் இடம் திட்டு. அது அங்கே மேய்ந்துகொண்டிருந்தால்தான் அடுத்த பவளத்துக்கு இடம் இருக்கும்.